வாவியின் ஒளியும் நிழற்படத்தின் வாய்மையும்

மட்டக்களப்பு வாவி, நிழற்படக் கலைஞர்க்கு இயற்கை அளித்த பெருங்கொடை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, மட்டக்களப்பு, அம்பாறை என்னும் இரு மாவட்டங்களையும் தழுவிக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பிலே, விடியற்போதில் தோணிகள் கருநிழல்களாய் அசையும். கண்டற்செடிகளின் வேர்களிடையே கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும். வாவிக்குக் கிழக்கே, கடலோரமாய் அமைந்த நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல்கள் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் இவ்வூர் மக்கள் வழங்குவர். கதிரவன் எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. ஒளியின் போக்கைக் கொண்டே ஊர்களுக்குப் பெயர் வகுத்த மக்களிடையே நிழற்படக்கலை இன்று விருப்பமுடன் பயிலப்படுவதில் வியப்பில்லை.

இக்காலத்தில் கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் படம் எடுப்போரே. பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் நிழற்படப் போட்டிகளை நடத்துகின்றன. போட்டி முடிந்து பரிசுப்படங்கள் சுவரிலே தொங்கும் வேளையில், பார்க்க வந்தோரிடையே ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. “இது கமராவில் எடுத்த படமா, கணினியில் செய்த படமா?” என்பதே அது. இவ்வினாவைப் பொறாமையின் குரல் என்று தள்ளிவிடல் ஆகாது. படம் எடுத்த பின்னர் அதன்மீது எவ்வளவு வேலை செய்யலாம், எங்கே கை நிற்க வேண்டும் என்பது உலகப் பெரும் போட்டிகளையும் உலுக்கிய வினாவாகும்.

முதலில் ஓர் எண்ணத்தைக் களைதல் வேண்டும். “கை படாத படமே உண்மையான படம்” என்பர் சிலர். உள்ளபடி பார்த்தால், கை படாத படம் என ஒன்று உலகில் இல்லை. கமராவின் உள்ளே இருக்கும் உணர்தகடு ஒளியின் அளவை மட்டுமே எண்களாகப் பதிவு செய்கின்றது. அவ்வெண்களைப் படமாக மாற்றும்போது, நிறத்தை எவ்வளவு ஊட்டுவது, கருமைக்கும் வெண்மைக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு காட்டுவது, விளிம்புகளை எவ்வளவு கூர்மையாக்குவது என்பவற்றைக் கமராவில் உள்ள சிறு கணினியே தீர்மானித்து விடுகின்றது. கைத்தொலைபேசியோ ஒரு தடவை அழுத்தியதும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றின் நல்ல பகுதிகளை ஒன்றாய் இணைத்து ஒரே படமாகத் தருகின்றது. எடுத்தவர் ஒன்றும் செய்யவில்லை எனினும், கருவி செய்து விட்டது.

மேலும், மனிதக் கண் காண்பதைக் கருவி அவ்வாறே காண்பதில்லை. விடியற்காலத்தில் வீச்சுவலை எறியும் மீனவர் ஒருவரை நோக்கினால், பின்னே ஒளிரும் வானத்தையும் அவர் முகத்தின் சுருக்கங்களையும் கண் ஒருங்கே காண்கின்றது. கமராவோ வானத்தைச் சரியாகப் பதிந்தால் முகத்தை இருளாக்கும். முகத்தைச் சரியாகப் பதிந்தால் வானத்தை வெறும் வெண்மையாக்கும். அந்த இருளை ஓரளவு நீக்கி முகத்தை வெளிக்கொணர்வது பொய் கூறுதல் அன்று. கருவி மறைத்ததைக் கண்டபடி மீட்டலேயாகும்.

இக்குறைபாடு புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் நிழற்படத் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மிஞ்சி ஏற்பவை. ஆதலால் கடற்காட்சியை எடுத்தால் வானம் வெறுமையாய் வெளிறிப் போகும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1850களில், கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு ஒரு தகடுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு அக்குறையைப் போக்கினார். 1857 இல் ஒஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் பெரும் படத்தை ஆக்கினார். அதன் பிரதியொன்றை விக்டோரியா அரசியார் வாங்கினார் என்பது வரலாறு. கணினி பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இன்றைய வினா பிறந்து விட்டது.

இலங்கையிலும் இதற்குப் பெருமைமிக்க ஒரு மரபு உண்டு. 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வென்ட் இந்நாட்டின் நிழற்படக் கலைக்கு வழிகாட்டியவர். 1934 இல் இலங்கை நிழற்படச் சங்கத்தை மீள அமைத்தோருள் ஒருவர். சட்டம் பயின்றவர்; பியானோ இசையில் வல்லவர். இருட்டறையில், படம் துலங்கிக்கொண்டிருக்கும் வேளையில் அதன்மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சி, உருவங்களின் விளிம்பில் விந்தையான கோடுகளைத் தோற்றுவித்தார். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். அவருடைய படங்களைப் பார்த்து எவரும் ஏமாற்றம் அடையவில்லை. இவை ஒரு கலைஞரின் கற்பனை என்பது பார்த்தவுடனேயே விளங்கும். ஆகவே, படத்தை மாற்றுவது எப்போதும் குற்றம் என்று சொல்லவும் இயலாது. எப்போதும் சரி என்று சொல்லவும் இயலாது.

எனின் எல்லை எங்கே? தமிழ் கற்றோருக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு இங்கு உதவும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றையும் பழஞ்சுவடிகளிலிருந்து அச்சேற்றினர். செல்லரித்த ஏட்டின் தூசியைத் துடைத்தல், மங்கிய எழுத்தை மை தடவித் துலக்கல், பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழை நீக்கல் ஆகிய அனைத்தும் பதிப்பாசிரியரின் கடமை. ஆனால் ஏட்டில் ஓர் அடி சிதைந்து போயிருந்தால், அவ்விடத்தில் தாமே ஓர் அடியை இயற்றிச் சேர்ப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. புறநானூற்றுப் பதிப்பிலே சிதைந்த இடங்கள் புள்ளியிட்டுக் காட்டப்பட்டிருப்பதைக் கற்றோர் அறிவர். துலக்குவது பதிப்பு, சேர்ப்பது இடைச்செருகல். சேர்த்த அடி மூல அடியைவிட அழகாய் இருந்தாலும் இடைச்செருகல் இடைச்செருகலே.

நிழற்படத்திலும் இவ்வாறே வேலைகளை வகுத்துக் காணலாம். வில்லையில் ஒட்டிய தூசியின் புள்ளியை நீக்குவதும், குறைந்த ஒளியில் எடுத்தமையால் தோன்றும் மணற்பொரி போன்ற இரைச்சற் புள்ளிகளைக் குறைப்பதும் முதல்வகை. இவை காட்சியைச் சேர்ந்தவை அல்ல, கருவியைச் சேர்ந்தவை. இருண்ட இடத்தைச் சிறிது வெளிச்சமாக்குவதும், வெளிறிய இடத்தைச் சிறிது அடர்த்தியாக்குவதும் இரண்டாம் வகை. பழைய இருட்டறையில், அச்சிடும் விளக்கொளியைக் கையால் மறைத்தும் கூடுதலாகக் காட்டியும் செய்த அதே வேலை இது. ஓரங்களை வெட்டிப் படத்தை ஒழுங்கு செய்வது மூன்றாம் வகை. காட்சியில் இருந்த ஒரு பொருளை அழிப்பதும், இல்லாத ஒன்றைச் சேர்ப்பதும், இருந்ததை இடம் மாற்றுவதும் நான்காம் வகை. முதல் மூன்றும் அளவோடு நின்றால் துலக்கல். நான்காவது இடைச்செருகல்.

ஆனால் கருவியின் பெயரை மட்டும் கொண்டு இவ்வகைகளைத் தீர்மானித்தல் போதாது. கமராவைச் சரித்துப் பிடித்தமையால் கோணலாகிய அடிவானத்தை மட்டமாக்குவது யாவரும் ஏற்கும் திருத்தம். 2004 மார்கழி 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில், கல்லடியில் கடலோரத்தே அமைந்த திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் நிலத்திற் புதைந்து சாய்ந்தது. சாய்ந்த கோபுரத்தைக் காட்டும் படத்தை எடுத்து, அதே நிமிர்த்தும் கருவியினால் கோபுரத்தை நேராக்கினால் என்னவாகும்? ஓர் ஊரின் துயர வரலாறு ஒரு விரலசைவில் அழிந்து போகும். கருவி ஒன்றே, செயல் வேறு. முன்னையது கமராவின் கோணலை நீக்கிற்று. பின்னையது உலகின் கோணலை மறைத்தது.

உலகப் போட்டிகளின் தீர்ப்புகளும் இவ்வேறுபாட்டையே வலியுறுத்துகின்றன. ஒல்லாந்தில் 1955 முதல் நடைபெறும் உலகச் செய்திப்படப் போட்டியில், 2010 இல் பரிசு பெற்ற ஒரு படத்தொகுதி பின்னர் நீக்கப்பட்டது. உக்ரேனின் கீவ் நகரில் நடந்த தெருச்சண்டை பற்றிய படங்கள் அவை. அவற்றுள் ஒரு படத்தை எடுத்தவர் பெரும்பகுதியை வெட்டியிருந்தார்; நிறத்தை நீக்கியிருந்தார்; ஓரங்களை இருளாக்கியிருந்தார். இவற்றுக்காகப் பரிசு பறிக்கப்படவில்லை. பின்னணியில் தெரிந்த ஒருவருடைய பாதத்தின் சிறு பகுதியை அழித்திருந்தார். அதற்காகவே பரிசு பறிக்கப்பட்டது. பெரிய மாற்றங்கள் மன்னிக்கப்பட்டன, சிறிய மாற்றம் தண்டிக்கப்பட்டது என்று இதைக் கண்டு சிலர் நகைத்தனர். ஆயின், அங்கே அளக்கப்பட்டது மாற்றத்தின் பருமன் அன்று, அதன் தன்மை.

2013 இல் அதே போட்டியின் முதற்பரிசு, காசாவில் கொல்லப்பட்ட குழந்தைகளின் இறுதி ஊர்வலத்தைக் காட்டும் படத்துக்குக் கிடைத்தது. எடுத்தவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த போல் ஹான்சன். படத்தின் ஒளி இயற்கைக்கு மாறாய் இருக்கின்றது, பல படங்களை ஒட்டிச் செய்தது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. வல்லுநர்கள் மூலப் பதிவை வாங்கி ஒப்புநோக்கினர். ஒளியும் நிறமும் திருத்தப்பட்டிருந்தன. ஒட்டுவேலை இல்லை எனக் கண்டனர். பரிசு நிலைத்தது. 2015 ஆம் ஆண்டுப் போட்டியில், இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மூலப் பதிவோடு ஒப்பிட்டபோது தள்ளப்பட்டன. தொழில்முறைக் கலைஞர்களே இவ்வளவு பேர் எல்லை கடந்தமை, எல்லையைத் தெளிவாக எழுதி வைக்கும் தேவையை உணர்த்திற்று.

வாவிப் பறவைகளையும் முதலைகளையும் படமெடுக்கும் இளைஞர்க்கு இயற்கைப் படம் என்னும் பிரிவே நெருக்கமானது. அப்பிரிவுக்கு அனைத்துலக நிழற்படக் கலைக் கூட்டமைப்பு, அமெரிக்க நிழற்படச் சங்கம், பிரித்தானிய அரச நிழற்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014 இல் ஒரே வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டன. ஓரங்களை வெட்டலாம்; தூசியும் இரைச்சலும் நீக்கலாம்; ஒளியைத் திருத்தலாம்; நிறப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கலாம். எதையும் சேர்த்தல், அகற்றல், இடம்மாற்றல், பதிலாக வைத்தல் கூடாது என்பது அதன் சாரம். கொக்கின் முகத்துக்குக் குறுக்கே ஒரு நாணல் நின்றால், அந்த நாணல் நின்றே தீரவேண்டும். பொறுமையுள்ளவர் கொக்கு நகரும் வரையில் காத்திருப்பார்.

குற்றம் கணினியில் மட்டுமே நிகழ்வதன்று. படம் எடுக்கும் முன்னரும் நிகழலாம். இலண்டனில் நடைபெறும் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் படப் போட்டியில், வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் 2009 இல் முதற்பரிசு பெற்றது. அது பெரும்பாலும் பழக்கி வளர்க்கப்பட்ட ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 இல் பரிசை மீட்டுக் கொண்டனர். 2017 இல் அதே போட்டியில் பரிசு பெற்ற எறும்புண்ணியின் படமும் நீக்கப்பட்டது. அதில் உள்ளது உயிருள்ள விலங்கன்று, பாடஞ்செய்த உடல் என 2018 இல் வல்லுநர்கள் கருதினர். படமெடுத்த இருவரும் இம்முடிவுகளை மறுத்தனர். எவ்வாறாயினும், இப்படங்களில் கணினி வேலை பற்றிய கேள்வியே எழவில்லை என்பது நோக்கத்தக்கது. காட்சியைச் சோடித்து எடுத்தாலும் பார்ப்போனுக்குக் கிட்டுவது அதே பொய்தான்.

வாவியோரத்தில் அடிக்கடி எழக்கூடிய ஓர் ஐயத்தையும் ஆராயலாம். சித்திரை முதல் புரட்டாதி வரையான நிலாக்காலங்களில் கல்லடிப் பாலத்தருகே பாடும் மீன்களின் ஒலியைக் கேட்கச் செல்வது இவ்வூர் வழக்கம். பாலத்தின்மேல் முழுமதி பெரிதாய் எழும் படத்தை விரும்பாத கலைஞர் இல்லை. வானத்தில் நிலவின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகையே; எழும்போதும் உச்சியிலும் அது மாறுவதில்லை. ஆயினும் மேற்குக் கரையில் வெகுதொலைவில் நின்று, தொலைநோக்கு வில்லையால் கிழக்கு நோக்கி எடுத்தால், தொலைவினால் பாலம் சிறிதாகி, அதனருகே நிலவு பெரிதாய்த் தோன்றும். இது இடத்தையும் நாளையும் கணித்துப் பெற்ற உண்மைப் படம். அருகில் நின்று பாலத்தை எடுத்து, வேறொரு நாள் எடுத்த நிலவை வெட்டி ஒட்டினாலும் அதே போன்ற படம் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முன்னையதில் உழைப்பும் அறிவும் உண்டு. பின்னையதில் ஒட்டும் திறமை மட்டுமே உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் காத்திருந்தவனுக்கு அநீதி இழைத்ததாகும்.

கருவிகளே இடைச்செருகல் செய்யும் காலமும் வந்து விட்டது. சம்சுங் நிறுவனத்தின் சில கைத்தொலைபேசிகள், திரையில் நிலவு தோன்றுவதை உணர்ந்ததும், செயற்கை நுண்ணறிவால் அதன் மேடுபள்ளங்களைத் துலக்கிக் காட்டுகின்றன. மங்கலாக்கிய நிலவுப் படமொன்றை அத்தொலைபேசியால் எடுத்தபோதும், மூலத்தில் இல்லாத நுட்பங்கள் தோன்றியமையை ஒருவர் 2023 இல் வெளிப்படுத்தினார். ஆகவே “நான் ஒன்றும் செய்யவில்லை” என்னும் மாணாக்கர் மெய்யே கூறினாலும், படம் மெய் கூறுவதாகாது. தன் கருவி என்ன செய்கின்றது என்பதை அறிந்து கொள்வதும் இன்று கலைஞரின் கடமைகளுள் ஒன்றாகி விட்டது.

இங்கே தமிழ் அணியிலக்கணம் நல்ல வழி காட்டுகின்றது. தண்டியலங்காரம் பொருளணிகளைக் கூறப் புகும்போது, தன்மையணியை முதலில் வைக்கின்றது. பொருளின் இயல்பை உள்ளவாறே விளங்கச் சொல்வது அது. இயல்பாக நிகழும் ஒன்றன்மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. மதிலின் மேலே கொடி காற்றில் அசைகின்றது. அது வருவோரை “வாராதீர்” என்று தடுப்பதாகக் கவிஞன் பாடுகின்றான். அதைப் படித்து எவரும் ஏமாறுவதில்லை. இது கவிதை என்னும் உடன்பாடு கவிஞனுக்கும் படிப்போனுக்கும் இடையே முன்னரே உண்டு. அதே கவிஞன் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினால், தற்குறிப்பேற்றத்துக்கு அங்கே இடமில்லை. செய்திப்படமும் இயற்கைப்படமும் ஆவணப்படமும் சாட்சிக் கூண்டில் நிற்பவை. கற்பனைப்படம் கவியரங்கில் நிற்பது. அளவுகோல் இதுவே: எந்த உடன்பாட்டின்கீழ் படம் போட்டிக்கு வந்தது, அந்த உடன்பாட்டை அது காத்ததா என்பது.

உடன்பாடு மீறப்படுவதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இரு திசையிலும் காட்டின. 2023 இல் சோனி உலக நிழற்பட விருதுப் போட்டியில், ஜேர்மனியரான போரிஸ் எல்டாக்சன் செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய ஒரு படம் பரிசுக்குத் தெரிவாயிற்று. அவர் உண்மையை வெளியிட்டுப் பரிசை ஏற்க மறுத்தார். 2024 இல் மைல்ஸ் அஸ்ட்ரே என்பவர் இதற்கு எதிர்மாறாகச் செய்தார். தலையை உடலுக்குள் மறைத்து நிற்கும் பூநாரை ஒன்றின் உண்மைப் படத்தை, செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கான பிரிவில் சேர்த்தார். அது பரிசும் பெற்றது. உண்மை வெளிப்பட்டதும் அப்படம் நீக்கப்பட்டது. கமராவால் எடுத்த படமாயினும் தவறான பிரிவில் நின்றமையால் தகுதி இழந்தது. இவ்வாறு நீக்கியது நேர்மையான தீர்ப்பே.

இவ்வளவு கூறிய பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது, அது நிறம். ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் அழிக்காமல், நிறத்தை மட்டும் கூட்டிப் படத்தைப் பொய்யாக்க முடியும். வடகீழ்ப் பருவமழையில், ஆறுகளின் வெள்ளம் வந்து சேரும் மார்கழி, தை மாதங்களில் வாவி நீர் கலங்கி மண்ணிறமாய் ஓடுவது இயல்பு. அந்நாளில் எடுத்த படத்திலே நீர் நீலமணியாய் மின்னினால் அது வாவி அன்று. வாவியின் பெயரைத் தாங்கிய வேறொரு நீர்நிலை. அவ்வாறே கல்லடிக் கடலில் கதிரவன் மறைவதாகச் செக்கர் வானத்தைப் பொருத்திய படத்தை எழுவான்கரைக் குழந்தையும் எள்ளி நகையாடும். அக்கடல் கிழக்கே கிடப்பது. நிறத்துக்கு எண்ணளவில் எல்லை வகுத்தல் அரிது. ஆயினும் ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் அந்த நேரத்தில் நின்ற மீனவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினால், “ஆம், அன்று இப்படித்தான் இருந்தது” என்பாரா? “இது எந்த ஊர்?” என்று கேட்பாரா? அவரினும் தகுதி வாய்ந்த நடுவர் வேறு யார்?

போட்டி நடத்துவோர் செய்ய வேண்டுவன சிலவே. கற்பனைப் படங்களுக்கும் உள்ளதைக் காட்டும் படங்களுக்கும் தனித்தனிப் பிரிவு வகுத்தல் வேண்டும். எவை செய்யலாம், எவை செய்யலாகாது என்பதை எளிய தமிழில் முன்கூட்டியே வெளியிடல் வேண்டும். பரிசுக்குத் தெரிவான படங்களின் மூலப் பதிவைக் கேட்டு ஒப்புநோக்கல் வேண்டும். ‘றோ’ கோப்பு எனப்படும் மூலப் பதிவைச் சேமிக்கும் வசதி எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் இல்லை. அவற்றால் எடுப்போரிடம், முதலில் பதிவான திருத்தாத படத்தைக் கேட்டால் போதும். வறிய மாணாக்கர் இதனால் தள்ளப்படலாகாது. பங்குபற்றுவோர் மூலத்தை அழியாது காத்து, தாம் செய்த திருத்தங்களை இரண்டொரு வரியில் எழுதிச் சேர்த்தல் நன்று. எழுதக் கூசும் திருத்தம் எதுவோ, அதுவே செய்யத்தகாத திருத்தம் என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் ஒரு கேடயத்துக்கும் சான்றிதழுக்குமாக வேண்டுமா எனச் சிலர் வினவலாம். பொருட்படுத்த வேண்டியது பரிசு மட்டும் அன்று. வாவியின் நிலையை நேரில் வந்து காணாத பல்லாயிரம் பேர் படங்களின் வழியாகவே அதனை அறிகின்றனர். கரையில் ஒதுங்கிய பிளாஸ்ரிக் போத்தல்களுக்கு நடுவே நாரையொன்று நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். படம் அழகாய் இருக்கட்டும் என்று போத்தல்களை அழித்துவிட்டால், பார்ப்போர் “என்ன தூய்மையான வாவி” என்று மகிழ்ந்து போவர். குப்பை படத்திலிருந்து நீங்கிற்று, வாவியிலிருந்து நீங்கவில்லை. அதனை அகற்றக் கடமைப்பட்டோருக்கும் அதனைக் காணும் வாய்ப்பு அற்றுப் போயிற்று.

இதற்கு மாறானதொரு முன்மாதிரி அயலிலேயே உண்டு. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு என்னும் இடத்தில் திறந்த குப்பை மேடொன்றில் காட்டு யானைகள் பிளாஸ்ரிக்கை உண்பதும், எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தமையும் 2022 இல் செய்தியாயின. அம்பாறையின் குப்பை மேட்டிலே தனித்து நடக்கும் ஒரு யானையை இலங்கைக் கலைஞர் லக்ஷித கருணாரத்ன எடுத்த படம், 2025 ஆம் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் படப் போட்டியில் உயர் பாராட்டைப் பெற்றது. அதில் குப்பையே கதை. ஒரு பையைக் குறைத்திருந்தாலும் அது உண்மையைக் குறைத்ததாகும். இரக்கம் மிகவேண்டும் என்று ஒரு பையைக் கூட்டியிருந்தாலோ கேடு இன்னும் பெரிது. அந்த ஒரு பொய் வெளிப்படும் நாளில், “எல்லாமே சோடனை” என்று கூறித் தப்புவதற்குப் பொறுப்பாளர்க்கு வழி பிறந்து விடும். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் மெய்யான முறைப்பாட்டைக் கொன்று விடுகின்றது.

வானொலி நேயர்க்குப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சியும் இவ்வாவியோடு தொடர்புடையது. 1954 இல் அமெரிக்கத் துறவியான லாங் அடிகளார் வாவியின் பாடும் மீன்களின் ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. நீரில் ஒலிவாங்கியை இறக்கிப் பெறும் பதிவிலே இரைச்சல் இருத்தல் இயல்பு. அந்த இரைச்சலை வடித்து மெல்லிய ஒலியை உரக்கக் கேட்கச் செய்தால் அது கேட்போர்க்குச் செய்யும் உதவி. அதனோடு ஒரு வீணையின் நாதத்தைக் கலந்து, “இதோ மீன்களின் இசை” என்றால் இனிமை மிகலாம். மட்டக்களப்பு வாவியின் அடியில் உண்மையில் என்ன ஒலிக்கின்றது என்பதைக் கேட்பதற்கு எவருக்கும் வழி இராது. கண்ணுக்கான படமும் காதுக்கான பதிவும் இவ்வகையில் ஒன்றே. துலக்கும் கை நீளட்டும். செருகும் கை, கற்பனை என்று பெயர் சொல்லிக் கொண்டே வரட்டும். அந்த ஒழுங்கு நிலைத்தால், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்று இளைஞர் எடுக்கும் படங்களை ஐம்பது ஆண்டுகளின் பின் பார்ப்போர், “அக்காலத்தில் வாவி இவ்வாறே இருந்தது” என்று ஐயமின்றிச் சொல்ல முடியும்.